'இனம் தெரியவில்லை' என்ற கட்டம்

அன்னங்களை எண்ணும் படிவத்தில் நான்கு கட்டங்கள். எக்காள அன்னம், தூந்திர அன்னம், சாம்பல் நிற இளசுகள், கடைசியாக 'இனம் தெரியவில்லை'. முதல் குளிர்காலம் முழுக்க அந்தக் கடைசிக் கட்டத்தில் நான் ஒரு எண்கூட எழுதவில்லை. தெரியவில்லை என்று எழுதினால் அடுத்த முறை கூப்பிடமாட்டார்களோ என்று பயம். வயலில் இருநூறு வெள்ளைப் பறவைகள் நின்றால், இருநூறுக்கும் பெயர் சூட்டிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவேன்.

இடம், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் ஸ்காகிட் பள்ளத்தாக்கு. ஸ்காகிட் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரச் சமவெளி. நவம்பர் தொடங்கி மார்ச் வரை விடாத தூறல், சேறு, அறுவடை முடிந்த மக்காச்சோளத் தட்டைகள், கிளறிப்போட்ட உருளைக்கிழங்கு வயல்கள். மேகம் விலகும் அபூர்வ நாட்களில் வடகிழக்கே பேக்கர் மலையின் பனி முகடு தெரியும். அலாஸ்காவிலிருந்து அன்னங்கள் இங்கேதான் வந்து இறங்குகின்றன. பகலில் வயலில் மேய்ச்சல், பொழுது சாய்ந்தால் நீர்நிலைக்குத் திரும்பி உறக்கம். கூடவே பனிவாத்துகளும் ஆயிரக்கணக்கில் வரும். அவற்றுக்கு இறக்கை நுனி கறுப்பு, உடலும் சிறியது என்பதால் பழகினால் குழப்பமில்லை. பாடுபடுத்துவது அன்னங்கள்தான்.

இங்கே கலந்து மேயும் அன்னங்களில் இரண்டு இனம். இரண்டும் வெள்ளை, இரண்டுக்கும் கறுப்பு அலகு, கறுப்புக் கால். எக்காள அன்னம் வட அமெரிக்காவின் நீர்ப்பறவைகளிலேயே பெரியது. பத்துப் பன்னிரண்டு கிலோ எடை, இறக்கையை விரித்தால் இரண்டு மீட்டருக்கும் மேல். தூந்திர அன்னம் கிட்டத்தட்ட அதில் பாதி எடை. ஆனால் முந்நூறு மீட்டர் தள்ளி, மழைக்குள், தலையைச் சேற்றில் புதைத்து நிற்கும் பறவையின் எடையைக் கண்ணால் நிறுக்க யாரால் முடியும்? பக்கத்தில் பக்கத்தில் நின்றால் பெரிது சிறிது தெரியும். தனியாக நிற்கும் ஒவ்வொன்றும் பெரிதாகத்தான் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம் மஞ்சள் பொட்டு. தூந்திர அன்னத்துக்குக் கண்ணுக்கு முன்னால், அலகின் அடியில், சின்னதாக ஒரு மஞ்சள் தீற்றல் இருக்கும். இருந்தால் தூந்திரம், இல்லையென்றால் எக்காளம். இந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டுதான் ஒரு பருவத்தையே ஓட்டினேன். ஒருநாள் தலையும் கழுத்தும் துருப்பிடித்த ஆரஞ்சாக இருந்த நாலைந்து பறவைகளைப் பார்த்துவிட்டு, புது இனம் ஒன்றைக் கண்டுபிடித்த பரவசத்தில் எங்கள் குழுவை நடத்தும் அம்மையாரிடம் ஓடினேன். எழுபதைக் கடந்தவர், நாற்பது வருஷமாக இந்த வயல்களைச் சுற்றுகிறவர். ஸ்கோப் என்ற தொலைநோக்கியில் ஒரு பார்வை பார்த்தார். "இரும்புச்சத்துள்ள சேற்றில் தலையை விட்டு மேய்ந்தால் துருவேறத்தான் செய்யும். குளித்தாலும் போகாது, இறகு உதிர்ந்து முளைத்தால்தான் போகும்" என்றார். பிறகு என் படிவத்தை வாங்கி, கடைசிக் கட்டத்தின் பூஜ்யத்தை விரலால் தட்டினார். "இதுதான் எனக்கு நம்பிக்கையில்லாத எண்."

அன்றைக்குத்தான் பாடம் ஆரம்பித்தது. பத்துத் தூந்திர அன்னங்களில் ஒன்றுக்கு மஞ்சள் பொட்டே இருக்காது. அபூர்வமாக எக்காள அன்னத்திலும் மங்கலாக ஒரு மஞ்சள் தட்டுப்படும். ஆகவே பொட்டை மற, கண்ணைப் பார் என்றார். எக்காள அன்னத்தில் அலகின் கறுப்பு அகலமாகவே போய்க் கண்ணோடு கலந்துவிடுகிறது. கண் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது, அலகுக்குள் மூழ்கிவிட்ட மாதிரி. தூந்திரத்தில் அந்தக் கறுப்பு கண்ணை நெருங்க நெருங்க ஒடுங்கி முனையாகிறது. கண் தனி மணியாக உட்கார்ந்திருக்கும். அடுத்து நெற்றி. பறவை நேருக்கு நேர் நம்மைப் பார்க்கும் ஒரு நொடியில், நெற்றியின் வெள்ளை அலகுக்குள் கூராக இறங்கினால் எக்காளம், வளைந்து முடிந்தால் தூந்திரம். பக்கவாட்டில் பார்த்தால் எக்காளத்தின் அலகு உச்சியிலிருந்து நுனி வரை ஆப்பு போல ஒரே சரிவு. தூந்திரத்தின் அலகில் நடுவே மெல்லிய குழிவு.

சொல்ல எளிது. பறவை நேருக்கு நேர் பார்க்க வேண்டுமே! பிப்ரவரி மழையில் கண்ணாடியில் ஆவி படிய, ஒரே பறவை தலை தூக்கக் காத்து இருபது நிமிஷம் நின்றிருக்கிறேன். தூக்கும்போது நான் மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

இளசுகள் கொஞ்சம் கருணை காட்டும். குளிர்காலம் முதிர முதிரத் தூந்திரக் குஞ்சுகள் வெளுக்கத் தொடங்கிவிடும். எக்காளக் குஞ்சுகள் வசந்தம் வரைக்கும் சாம்பலாகவே நிற்கும். மார்ச் மாதத்தில் நல்ல சாம்பல் நிறத்தில் ஒரு இளசைப் பார்த்தால், அதன் இரண்டு பக்கமும் நிற்கும் பெரியவை யாரென்று தைரியமாக எழுதலாம். குடும்பமாகவே திரியும் பறவைகள் என்பதால் குஞ்சு காட்டிக்கொடுத்துவிடும்.

இத்தனை பாடு எதற்கு, இரண்டும் அன்னம்தானே என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு விலை கொடுத்த பறவை எக்காளம்.

வட அமெரிக்காவில் தோல் வியாபாரம் செய்த ஹட்சன்ஸ் பே கம்பெனி 1853 முதல் 1877 வரை விற்ற அன்னத் தோல்களின் எண்ணிக்கை 17,671. மெத்தென்ற தோல் முகப்பவுடர் ஒற்றிகளாயிற்று, சீமாட்டிகளின் உடை அலங்காரமாயிற்று. நீண்ட இறகுகள் பேனாவாயின. பறவைகளை வரைந்து புகழ்பெற்ற ஆடுபான்கூட நுணுக்கமான வேலைக்கு எக்காள அன்னத்தின் இறகைத்தான் விரும்பினார். பறவையின் இறகாலேயே பறவையை வரைவது! அந்தக் காலக் கணக்கேடுகளில் 'அன்னம்' என்று ஒரே சொல். எத்தனை எக்காளம், எத்தனை தூந்திரம் என்ற பிரிவு வியாபாரிக்குத் தேவைப்படவில்லை. தோல் தோல்தான்.

ஆனால் நஷ்டம் இரண்டுக்கும் சமமாக விழவில்லை. தூந்திர அன்னம் ஆர்க்டிக்கின் ஓரத்தில், மனிதர் எளிதில் எட்டாத வெட்டவெளியில் முட்டையிடுகிறது. எக்காளம் அதற்குத் தெற்கே, குடியேற்றம் பரவிக்கொண்டிருந்த சதுப்புகளிலும் ஏரிகளிலும் கூடு கட்டியது. முதல் முறை முட்டையிடவே நான்கு முதல் ஏழு வயதாகும் பறவை. வருஷத்துக்கு ஒரு ஈடு, நாலைந்து முட்டை, ஒரு மாதத்துக்கு மேல் அடைகாப்பு. கஸ்தூரி எலியோ பீவரோ கட்டிய மேட்டின் மேல் கூடு. ஒரு ஜோடியைச் சுட்டால் அந்த ஏரி பல வருஷத்துக்குக் காலி. மேலே எழும்ப நீர்ப்பரப்பில் நூறு மீட்டர் ஓட வேண்டிய கனத்த உடம்பு வேறு. சுடுகிறவனுக்கு இதைவிட வசதியான இலக்கு கிடையாது.

1918இல் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் வந்தபோது எக்காள அன்னம் ஏறக்குறைய முடிந்துபோன கதை. 1932இல் அலாஸ்கா நீங்கலான அமெரிக்காவில் எண்ணிப் பார்த்தார்கள்: 69. யெல்லோஸ்டோன் பகுதியிலும், அதற்கு மேற்கே மான்டானாவின் சென்டெனியல் பள்ளத்தாக்கிலும் அவை பிழைத்திருந்தன. உயரமான, குரூரமாகக் குளிரும் இடம். அங்கே ஏன் தப்பின? வெந்நீர் ஊற்றுகள். சுற்றிலும் எல்லாம் உறைந்துபோகும்போது ஊற்று கலக்கும் இடத்தில் நீர் திறந்திருக்கும், நீருக்குள் செடி இருக்கும். வலசை போகாமல் கிடந்தவை மட்டும் மிஞ்சின. வழக்கமான பாதையில் தெற்கே பறந்தவை துப்பாக்கிகளைத் தாண்டவில்லை. 1935இல் அந்தப் பள்ளத்தாக்கில் ரெட் ராக் லேக்ஸ் சரணாலயம் அமைந்தது. குளிர்காலத்தில் தானியம் கொட்டி அன்னங்களைக் காப்பாற்றினார்கள்.

இதற்குள் இன்னொரு பக்கம் வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. அலாஸ்காவில் அன்னங்கள் நிறையவே இருந்தன. பார்த்தவர்கள் எல்லாரும் அவற்றைத் தூந்திர அன்னம் என்றே எழுதிவைத்தார்கள். அவ்வளவு வடக்கே வேறு எது இருக்கும் என்ற நினைப்பு. 1950களின் நடுவில் காப்பர் ஆற்றுப் பகுதியில் கூடு கட்டியிருந்தவற்றை யாரோ சரியாகப் பார்த்தார்கள். எக்காளம்! அதன்பின் முறையாகத் தேடி, 1968இல் விமானத்திலிருந்து எண்ணியபோது அலாஸ்காவில் மட்டும் 2,847. அழிவின் விளிம்பு என்று ஒரு பக்கம் தானியம் கொட்டிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் ஆயிரக்கணக்கான உறவினர்கள் தப்பான பெயரில் நிம்மதியாக வாழ்ந்திருக்கிறார்கள்.

இதை முதலில் கேட்டபோது சிரித்தேன். பிறகு என் முதல் வருஷப் படிவங்கள் ஞாபகத்துக்கு வந்தன. சிரிப்பு போயிற்று.

தப்பான பெயர் இன்னொரு திசையிலும் கொல்லும். தூந்திர அன்னத்தைச் சில மாநிலங்களில் அனுமதிச் சீட்டோடு சட்டப்படி வேட்டையாடலாம். எக்காளம் கூடவே பறந்தால்? ஊட்டா மாநிலத்தில் அன்னம் சுட்டவர் அதை அதிகாரிகளிடம் கொண்டுபோய் அலகை அளக்கவைக்க வேண்டும். மூக்குத் துளையின் முன்விளிம்பிலிருந்து அலகு நுனி வரை 50 மில்லிமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் எக்காளம். அப்படி விழுந்த எக்காளங்கள் வகுத்த எண்ணிக்கையைத் தொட்டதும் அந்த வருஷ வேட்டைப் பருவமே மூடப்படும். வேட்டைக்கு முன் இரண்டு இனத்தையும் பிரித்தறியும் வகுப்பும் கட்டாயம். கையில் பிடித்து ஸ்கேல் வைத்தால்தான் உறுதியாகத் தெரியும் வித்தியாசத்தை, பறக்கும்போதே கண்டுகொள் என்கிறது சட்டம். எனக்கு வேட்டைக்காரர்கள் மேல் பெரிய அன்பு கிடையாது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் படும் அவஸ்தை எனக்குப் புரிகிறது.

தானியம் கொட்டிய கதைக்கு வருகிறேன், ஏனென்றால் எனக்கு இதில் ஒரு தீராத சஞ்சலம். வலசைப் பாதை அன்னத்தின் ரத்தத்தில் எழுதப்பட்டதல்ல. முதல் வருஷம் தாய் தகப்பனோடு பறந்து கற்றுக்கொள்வது. பாதை தெரிந்த பெரியவர்கள் எல்லாம் சுடப்பட்டபின், தெற்கே போக வேண்டும் என்பதே மிஞ்சிய குடும்பங்களுக்குத் தெரியாது. குளிர்காலத்தில் இருந்த இடத்திலேயே சோறு கிடைத்தால் தேடிப் போகும் அவசியமும் இல்லை. எண்ணிக்கை ஏற ஏற எல்லாம் அந்தச் சில வெந்நீர்த் துறைகளிலேயே நெருக்கியடித்துக் கிடந்தன. 1988-89 குளிர்காலத்தில் அதன் விலை தெரிந்தது. வறட்சியால் ஐடஹோவின் ஹென்ரிஸ் ஃபோர்க் ஆற்றில் நீர் குறைந்திருந்தது, மேலே கடுங்குளிர் இறங்கியது, ஆறு உறைந்தது. அங்கே ஒதுங்கியிருந்த அன்னங்கள் கூட்டமாகப் பட்டினியில் மாண்டன. 1990களின் தொடக்கத்தில் ரெட் ராக் லேக்ஸில் தானியம் போடுவதை நிறுத்தினார்கள், கலைந்து போகட்டும் என்று. அறுபது வருஷம் கையிலிருந்து தின்ற பறவையைப் பசி காட்டித் துரத்துவது. சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். அந்த முதல் குளிர்காலத்தில் அங்கே காவலராக இருக்க எனக்கு மனசு வந்திருக்காது.

மினசோட்டா, விஸ்கான்சின், ஒன்டாரியோ போன்ற இடங்களில் வளர்ப்பு அன்னங்களையும் அலாஸ்காவிலிருந்து கொண்டுவந்த முட்டைகளையும் கொண்டு புதிதாகக் குடியேற்றினார்கள். அவை நன்றாகவே பெருகின. மினசோட்டாவின் மான்டிசெல்லோவில் மிசிசிப்பி ஆற்றைத் திறந்து வைத்திருப்பது அணுமின் நிலையத்திலிருந்து வரும் வெதுவெதுப்பான நீர். அங்கே ஒரு பெண்மணி தன் வீட்டுக் கரையில் சோளம் போடத் தொடங்கி, சில பறவைகளில் ஆரம்பித்தது ஆயிரக்கணக்கில் போய் நின்றது. வெந்நீர் ஊற்றுக்குப் பதில் உலை, அவ்வளவுதான் வித்தியாசம். மொத்தமாகப் பார்த்தால் வட அமெரிக்கா முழுவதும் 1968இல் 3,722 ஆக இருந்தது 2015இல் சுமார் 63,000.

அபூர்வம் என்று இனி சொல்ல முடியாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் பகுதியில் 1999இலிருந்து வேறொரு கணக்கு ஓடத் தொடங்கியது. கனடா எல்லையை ஒட்டிய வாட்காம் வட்டாரத்திலும் எல்லைக்கு அப்பாலும் குளிர்காலம்தோறும் அன்னங்கள் நூற்றுக்கணக்கில் செத்தன. காரணம் ஈயம். நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவை 1991லேயே அமெரிக்கா முழுக்கத் தடைசெய்யப்பட்டது. ஆனால் அதற்கு முன் பல பத்தாண்டுகளாகச் சுட்ட ரவைகள் ஏரிச் சேற்றில் அப்படியே கிடக்கின்றன. பல் இல்லாத பறவை, இரையை அரைக்க மணலையும் பொடிக்கற்களையும் விழுங்கும். ரவை பொடிக்கல் மாதிரிதான் இருக்கும். அரைவைப்பையில் அமிலத்தோடு ஈயம் தேய்ந்து ரத்தத்தில் கலக்கிறது, தசைகள் செயலிழக்கின்றன, தின்ற தீனி வயிற்றில் அரைபடாமல் நிற்கப் பறவை பட்டினியால் சாகிறது. இரண்டு மூன்று ரவை போதும். வாத்துகளுக்கு எட்டாத ஆழத்தை எக்காளத்தின் கழுத்து எட்டுகிறது. தலைகீழாகக் கவிழ்ந்து ஒரு மீட்டருக்கும் கீழே துழாவும். எந்தக் கழுத்து அதற்குச் சாப்பாடு போடுகிறதோ அதே கழுத்து ரவையையும் பொறுக்கிக் கொடுக்கிறது.

எல்லைக் கோடு நடுவே ஓடும் ஜட்சன் ஏரிதான் முக்கியக் குற்றவாளி என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அன்னங்களின் கழுத்தில் டிரான்ஸ்மிட்டர் மாட்டி, எங்கே உறங்குகின்றன என்று பின்தொடர்ந்து, செத்தவற்றின் வயிற்றில் ரவையை எண்ணி. 2006 குளிர்காலத்திலிருந்து ஒவ்வொரு மாலையும் விளக்கு, லேசர், படகு என்று அவற்றை அந்த ஏரியில் இறங்கவிடாமல் விரட்டினார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. பாதுகாப்பு என்றால் இரவுக் குளிரில் நின்று, தான் நேசிக்கும் பறவையை விரட்டுவதாகவும் இருக்கலாம் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

ஈயம் ஏறிய அன்னத்தை ஒருமுறை பார்த்தேன். இறக்கைகள் கூரை சரிந்த மாதிரி பக்கவாட்டில் தொங்கின. கழுத்து நேராக நிற்கவில்லை. கூட்டம் வேறு வயலுக்குப் பறந்துவிட்டது; அதன் ஜோடி மட்டும் இருபதடி தள்ளி நின்றது. வனத்துறையின் தொலைபேசி எண்ணுக்குச் சொன்னேன், வந்து எடுத்துப்போனார்கள். அந்த ஒன்றை மட்டும் மிக அருகில் பார்த்தேன். அலகுக்குள் மூழ்கிய கண், கூராக இறங்கிய நெற்றி. அவ்வளவு நிச்சயமாக நான் அடையாளம் கண்ட முதல் எக்காளம் அதுதான்.

அம்மா ஒரு குளிர்காலம் என்னோடு தங்க வந்தாள். முதல் நாளே வயலுக்குக் கூட்டிப்போனேன். தட்டைகளுக்கு நடுவே ஒன்று சேற்றில் காலை இழுத்து இழுத்து, இடமும் வலமும் ஆடி நடந்தது. நீந்துவதற்காக உடம்பின் பின்பக்கம் தள்ளி வைத்த கால்கள். தரையில் வேறு எப்படி நடக்கும்? அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். "இந்த நடையையாடி பாட்டுல எல்லாம் வெச்சாங்க?"

"அது நீந்தறப்ப பாத்திருப்பாங்கம்மா."

"பாலையும் தண்ணியையும் பிரிக்குற பறவைன்னு சொல்வாங்க. நீ என்னடான்னா அதையே பிரிச்சு எழுதிட்டு உக்காந்திருக்க."

அம்மாவுக்கு ஸ்கோப் பிடிக்கவில்லை, கண்ணை உறுத்துகிறது என்றாள். நாற்காலியை விரித்துப் போர்வையோடு உட்கார்ந்து காதை மட்டும் திறந்து வைத்திருப்பாள். மூன்றாவது வாரத்தில் சாதாரணமாகச் சொன்னாள்: "ரெண்டு விதமா கத்துதுடி. ஒண்ணு புறா கும்முற மாதிரி உசரத்துல போகுது. இன்னொண்ணு புதுசா நாயனம் பிடிச்சவன் ஊதுற மாதிரி, ஆனா அடிவயித்துலேர்ந்து வருது."

படிவத்தைக் கீழே வைத்துவிட்டேன். அம்மா சொன்னது எலும்பிலேயே இருக்கிறது. இரண்டு இனத்துக்கும் மூச்சுக்குழல் நேராக நுரையீரலுக்குப் போவதில்லை. மார்பெலும்பின் உள்ளே புகுந்து சுருண்டு வெளியே வந்து பிறகுதான் போகிறது. எக்காளத்துக்கு அந்தச் சுருளில் மேல்நோக்கி ஒரு வளைவு கூடுதல். உடம்பும் பெரிது, குழலும் பெரிது, குரல் இறங்கி ஒலிக்கிறது. நான் இரண்டு வருஷமாகக் கண்ணில் தேடியதை அம்மா மூன்று வாரத்தில் காதில் பிடித்திருந்தாள்.

அந்த ஜனவரியின் கடைசி எண்ணிக்கை நாளில் மூடுபனி. கான்வே ஊரைத் தாண்டியதும் சாலையின் நடுக்கோடுகூடத் தெரியவில்லை. எனக்குக் கொடுத்திருந்த வயல் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் வேலி ஓரம் நிறுத்தினேன். வெள்ளைக்குள் வெள்ளை. ஒரு பறவையும் தெரியவில்லை. ஆனால் வயல் முழுக்கச் சத்தம். அம்மா கார்க் கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டினாள், அது ஏதோ காதுக்கு உதவும் என்பதுபோல.

"எல்லாம் நாயனந்தான். புறா ஒண்ணுகூட இல்ல."

"எத்தனைம்மா?"

"அதை எப்படிடி சொல்றது?"

அம்மையாருக்குப் போன் செய்து கேட்டேன். இனம் தெரிகிறது, எண்ணிக்கை தெரியவில்லை; எந்தக் கட்டத்தில் போட? கொஞ்சம் யோசித்தார். அதற்குக் கட்டம் இல்லை, ஓரத்தில் எழுதுங்கள் என்றார். நான்கு கட்டங்களையும் காலியாக விட்டு, ஓரத்தில் எழுதினேன்: 'மூடுபனி. எக்காளம் மட்டும். கேட்டது, பார்க்கவில்லை.' கேட்டவர் பெயர் என்ற இடத்தில் அம்மாவின் பெயரைப் போட்டேன்.